சத்திரத்துக் கதவைத் திறந்தவர் (ஜில்லா போர்டு காலம் – 9)

கடந்த பகுதியை 1920-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தோம். அதுவரை ஜில்லா போர்டு என்றால் கலெக்டர் துரை தலைமையில் கூடும் சபை. உறுப்பினர்களாக ஊர்ப் பெரியவர்கள் இருப்பார்கள். முடிவு தலைவரிடம் இருக்கும். புதிய சட்டத்துக்குப் பிறகு அந்தத் தலைமை நாற்காலியில் வக்கீல்களும் மிராசுதார்களும் உட்காரத் தொடங்கினார்கள். அங்கே உட்கார்ந்து என்ன செய்தார்கள் என்பதற்கு மாகாணம் முழுவதிலும் இருபது முப்பது பேரின் கதைகளைச் சொல்லலாம். அவர்களில் நான் முதலாவதாக எடுத்துக்கொள்வது தஞ்சாவூரின் ஏ.டி. பன்னீர்செல்வத்தை. பின்னாளில் சட்டமன்ற உறுப்பினர், உள்துறை உறுப்பினர், நிதி அமைச்சர், சர் பட்டக்காரர் என்றெல்லாம் உயர்ந்தவர். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது ஜில்லா போர்டில் செய்த காரியத்தால்தான் என்பது என் துணிபு. அதற்கான சான்றுகளை இந்தப் பகுதியில் சொல்கிறேன்.

மற்ற ஜில்லா போர்டுகளைப் போன்றதல்ல தஞ்சாவூர் போர்டு. சாலை, பாலம், மருந்தகம், பள்ளிக்கூடம், சந்தை, ஓடத்துறை ஆகியவை எல்லாப் போர்டுகளுக்கும் பொது. தஞ்சைக்கு இவற்றோடு கூடுதலாக இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, ரயில்பாதை. 1870-களின் இறுதியிலிருந்து நிலவரியோடு சேர்த்து ஒரு சிறு தீர்வையைக் குடிகளிடம் வாங்கிச் சேர்த்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை போர்டே ரயில்பாதை போட்டது. 1894-இல் அதில் வண்டி ஓடியது. பிறகு பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை பாதை நீண்டது. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. பாதைக்குச் சொந்தக்காரர் ஜில்லா போர்டு. உழவன் கொடுத்த காசில் ஓர் உள்ளாட்சி அமைப்பு தனக்கென்று ரயில் வைத்துக்கொண்டதற்கு இந்தியாவில் இதுவே முன்னோடி.

இரண்டாவது சொத்து, சத்திரங்கள். நம் கதை இங்கேதான் தொடங்குகிறது.

தஞ்சை மராத்திய அரசர்கள் இராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகச் சத்திரங்களைக் கட்டினார்கள். பல சத்திரங்களுக்கு அரண்மனைப் பெண்களின் பெயர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பியது முக்தாம்பாள் சத்திரம். அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரத்தில் இருக்கிறது இராசாமடம். (குடியரசுத் தலைவராக இருந்த ஆர். வெங்கட்ராமன் பிறந்த ஊர் என்றால் பலருக்குத் தெரியும்.) ஒவ்வொரு சத்திரத்துக்கும் சோறு போடுவதற்கென்று நன்செய் நிலங்களை எழுதி வைத்தார்கள். கல்யாணக் கூடமும் தங்கும் அறையுமாக இன்று நாம் நினைக்கும் சத்திரம் அன்று இல்லை. வழிப்போக்கருக்குச் சாப்பாடு, நோயாளிக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் பாடம், ஆதரவற்ற குழந்தைக்கு வளர்ப்பு, வழியில் இறந்துபோனவருக்கு ஈமக்கடன் என்று எல்லாமே அங்கே நடந்தன.

ஆங்கிலேயரிடம் ஆட்சியைப் பறிகொடுத்த பிறகு, 1801-இல், சத்திரங்களையாவது தன் கையில் விட்டுவைக்கும்படி சரபோஜி கம்பெனியின் ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். தஞ்சை வரலாற்றைப் படிக்கிற யாரும் அந்தக் கடிதத்தை எளிதில் கடந்துபோக முடியாது. சத்திரங்களில் பிராமணர் முதல் பறையர் வரை வருகிற எல்லோருக்கும் வேறுபாடின்றி உணவு கிடைக்கிறது என்று மன்னர் அதில் விளக்குகிறார். 1803-இல் அதே ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பல மொழிகளும் புதிய கல்வியும் சொல்லித்தரும் பள்ளி ஒன்றை அவர் நடத்தினார். ஆகவே சத்திரத்துச் சோற்றுக்கும் கல்விக்கும் சாதிக் கணக்கு தொடக்கத்திலேயே இருந்தது என்று வாதாட யாருக்கும் இடமில்லை.

1855-இல் அரச வம்சம் முடிந்தது. சத்திரங்களும் அவற்றின் நிலங்களும் அரசின் பொறுப்புக்கு வந்து, பின்னர் உள்ளாட்சி நிதிக் கணக்கில் சேர்ந்து, கடைசியில் ஜில்லா போர்டின் கைக்கு வந்தன. இந்த மாற்றங்களுக்கு இடையில் ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது ஒரத்தநாட்டிலும் இராசாமடத்திலும் இலவசமாக உண்டு உறைந்து படிக்கும் வசதி பிராமண மாணவர்களுக்கே கிடைத்துவந்தது. திருவையாற்றில் 1881-இல் சத்திர வருமானத்தைக் கொண்டு தொடங்கிய கல்லூரி வடமொழியை மட்டுமே கற்பித்தது. நிலமோ தஞ்சை மண். நெல்லை விளைவித்தவர்கள் எல்லாச் சாதியினரும். அந்த நெல்லால் வந்த படிப்பு மட்டும் ஒரே ஒரு சமூகத்தின் வீட்டுக்குப் போனது.

பன்னீர்செல்வம் 1888 ஜூன் 1-ஆம் தேதி, தஞ்சை மாவட்டத்துப் பெரும்பண்ணையூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்து, இங்கிலாந்து சென்று பாரிஸ்டரானார். 1912-இல் திரும்பிவந்து தஞ்சாவூரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1918 முதல் 1920 வரை தஞ்சை நகராட்சியின் தலைவர். அந்த இரண்டாண்டுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. பொது வாழ்வுக்கு அவர் பழகிக்கொண்ட காலம் என்று வைத்துக்கொள்ளலாம். நீதிக்கட்சி மாகாணத்தில் ஆட்சிக்கு வந்த அதே காலத்தில் அவரும் அந்தக் கட்சியில் வளர்ந்தார். 1924-இல் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவரானார். 1930 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஒரு சிறுபான்மைக் கிறித்தவர், இந்து நிலவுடைமையாளர்கள் நிறைந்த ஒரு சபைக்குத் தலைவராகி, இந்து அரசர் எழுதிவைத்த அறக்கொடைகளை நிர்வகிக்க வேண்டியிருந்தது. இன்றைய அரசியலில் இது எப்பேர்ப்பட்ட கூச்சலைக் கிளப்பும் என்று நினைத்துப் பாருங்கள். அன்று அவருக்கு வலக்கையாக நின்றவர் தீவிர சைவர்: கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் உமாமகேசுவரம் பிள்ளை. அவரும் வழக்கறிஞர், அவரும் நீதிக்கட்சிக்காரர், தஞ்சை தாலுகா போர்டின் தலைமையில் இருந்தவர். தாலுகா போர்டு ஜில்லா போர்டுக்கு அடுத்த கீழ்ப்படி. ஆகவே நிதி, பள்ளி, சத்திரம் குறித்த காரியங்கள் எதுவானாலும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசவேண்டிய அமைப்பு ஏற்கெனவே இருந்தது. ஒருவருக்கு இலண்டன் சட்டப் படிப்பு. மற்றவருக்குத் தமிழ்ப் பற்றும் உள்ளூர் ஆவணங்களில் பிடிப்பும். இந்த இருவர் கூட்டில்தான் காரியம் நடந்தது.

திருவையாற்றுக் கல்லூரியில் தமிழ் நுழைந்த வரலாற்றைத் தஞ்சையில் இப்படிச் சொல்வார்கள். வடமொழிக் கல்லூரியில் தமிழுக்கு இடம் கேட்டபோது, அறக்கட்டளையே வடமொழிக்காக ஏற்பட்டது, அதை மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. பன்னீர்செல்வமும் உமாமகேசுவரம் பிள்ளையும் அந்தப் பதிலை நம்பிச் சும்மா இருக்கவில்லை. மூல ஆவணத்தைத் தேடி எடுத்துப் படித்தார்கள். கல்வி வளர்ச்சிக்காக என்று அதில் இருந்ததே ஒழிய, வடமொழிக்கு மட்டும் என்ற கட்டு இல்லை. இந்தக் கதையின் ஒவ்வொரு விவரமும் அப்படியே நடந்ததா என்பது ஒருபுறம் இருக்க, அதன் விளைவு ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது: 1924-இல் திருவையாற்றில் தமிழ் வித்துவான் வகுப்பு தொடங்கியது. கல்லூரி, அரசர் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. வடமொழியை வெளியே தள்ளவில்லை. அதன் பக்கத்தில் தமிழையும் உட்காரவைத்தார்கள். 1926 முதல் 1932 வரை கல்லூரியின் முதல்வராக இருந்தவர் பி.சா. சுப்பிரமணிய சாஸ்திரி. வடமொழிப் புலமையோடு தொல்காப்பிய ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தவர். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். நீதிக்கட்சி ஆண்ட ஒரு போர்டின் கீழ், இரு மொழியும் அறிந்த பிராமண அறிஞர் தலைமை தாங்க, கல்லூரி வளர்ந்தது. அன்றைய சாதி அரசியலை ஒரே நிறத்தில் தீட்டுபவர்கள் இந்த உண்மையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வித்துவான் பட்டம் என்பது அன்று சிறிய விஷயமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் தேறி வித்துவானான ஒருவருக்குப் பள்ளிகளில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. ஆங்கிலம் படித்துக் கல்லூரிக்குப் போகும் வசதி இல்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் அரிய வழிகளில் ஒன்று அது. அதுவரை தமிழ் படிக்க வேண்டுமென்றால் மடத்துக்குப் போக வேண்டும். இல்லையேல் ஒரு புலவரின் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடக்க வேண்டும். இப்போது கல்லூரி, பாடத்திட்டம், தேர்வு, பட்டம் என்று ஒரு நேர்வழி பிறந்தது. பின்வந்த பல்லாண்டுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழ் கற்பித்த ஆசிரியர்களில் திருவையாற்று மாணவர்கள் இல்லாத மாவட்டத்தைத் தேடுவது கடினம்.

ஒரத்தநாடும் இராசாமடமும் அடுத்த வேலை. சத்திர விடுதிகளில் இலவசமாக உண்டு தங்கிப் படிக்கும் வசதி பிராமணரல்லாத மாணவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. சொல்வதற்கு இது ஒரே வரி. ஆனால் அந்தக் காலத்தின் பந்தி ஒழுங்கைத் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும். யார் சமைப்பது, யார் எந்த வரிசையில் உட்காருவது, யார் கண்பட்டால் சோறு தீட்டாகும் என்ற கணக்கெல்லாம் உயிரோடு இருந்த காலம். காங்கிரஸ் ஆதரவோடு நடந்த சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவருக்குத் தனிப் பந்தி வைத்த விவகாரம் மாகாணத்தையே உலுக்கியது இதே 1924-25 ஆண்டுகளில்தான். அந்தச் சர்ச்சையைப் பற்றி எத்தனையோ நூல்கள் வந்துவிட்டன. அதே ஆண்டுகளில், சத்தமில்லாமல், போர்டுத் தீர்மானங்களின் வழியாக, ஒரத்தநாட்டில் அடுத்த தலைமுறையின் பிள்ளைகள் சோற்றுத் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். சேரன்மாதேவிக்கு நாம் கொடுத்த இடத்தில் பாதியையாவது ஒரத்தநாட்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இதில் நான் குறிப்பாகக் கவனிப்பது பணத்தின் வழி. பன்னீர்செல்வம் இதற்காகப் புதிய வரி போடவில்லை. சர்க்காரிடம் மானியம் கேட்டு மனுப் போட்டுக் காத்திருக்கவும் இல்லை. நூறு வருஷங்களுக்கு மேலாகக் குத்தகையாக நெல் அளந்துகொண்டிருந்த நிலங்கள் போர்டு கணக்கில் இருந்தன. அந்த வருமானம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியைத்தான் அவர் எழுப்பினார். ஜில்லா போர்டுத் தலைவருக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. ஆனால் வரவு செலவுப் புத்தகம் அவர் மேசையில் இருந்தது. அதை வரி வரியாகப் படித்து, யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பார்க்கிற தலைவர்கள் அன்றும் குறைவு.

1930-இல் அவர் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். அதன் பிறகு ஏற்றம் வேகமாக இருந்தது. 1931-இல் இலண்டனில் நடந்த இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறித்தவர்களின் பிரதிநிதிகளில் ஒருவராகச் சென்றார். காந்தியடிகள் கலந்துகொண்ட மாநாடு அதுதான். அங்கே நவம்பர் மாதம் முஸ்லிம்களின் சார்பில் ஆகா கான், ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் சார்பில் அம்பேத்கர், ஆங்கிலோ இந்தியரின் சார்பில் கிட்னி, ஐரோப்பியரின் சார்பில் ஹியூபர்ட் கார் ஆகியோர் கையொப்பமிட்ட, தனித்தொகுதிகள் கோரும் சிறுபான்மையினர் ஒப்பந்தத்தில் இந்தியக் கிறித்தவர்களின் பெயரால் கையெழுத்திட்டவர் பன்னீர்செல்வம். காந்தி அதைக் கடுமையாக எதிர்த்தார். கிறித்தவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை; உடன் சென்ற மற்றொரு பிரதிநிதியான எஸ்.கே. தத்தா தனித்தொகுதிகளை ஏற்கவில்லை.

இந்தக் கையெழுத்தை எப்படி மதிப்பிடுவது? நாட்டைப் பிரிக்கும் ஏற்பாட்டுக்கு உடந்தையானார் என்று அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது தஞ்சைச் சத்திரத்தின் தொடர்ச்சியாகவே தோன்றுகிறது. அறம் எல்லோருக்குமென்று ஏட்டில் எழுதியிருந்தும் விடுதியில் ஒரு சாரார் மட்டும் உட்கார்ந்திருந்ததைக் கண்கூடாகப் பார்த்தவர் அவர். பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை நம்பி இருங்கள் என்ற அறிவுரை அவரிடம் எடுபடாததில் வியப்பில்லை. தனித்தொகுதி சரியான மருந்துதானா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவர் கண்ட நோயைப் பற்றித் தயக்கமே இல்லை.

1930-களின் நடுவில் ஆளுநரின் நிர்வாக சபையில் உள்துறை உறுப்பினராக இருந்தார். 1937 தேர்தலில் நீதிக்கட்சி நொறுங்கிப்போனது. 215 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 159. நீதிக்கட்சிக்கு 20 இடங்களைச் சுற்றியே கிடைத்தன. முதல்வராக இருந்த பொப்பிலி அரசரே தோற்றார். காங்கிரஸ் உடனே பதவியேற்க மறுத்ததால், ஆளுநர் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் தலைமையில் ஓர் இடைக்கால அமைச்சரவையை அமர்த்தினார். ஏப்ரல் 1 முதல் ஜூலை 14 வரை மூன்றரை மாதங்கள் நீடித்த அந்த அமைச்சரவையில் பன்னீர்செல்வத்துக்கு உள்துறையும் நிதியும். பெரும்பான்மை இல்லாத ஓர் ஆட்சியில் அவர் இடம்பெற்றிருக்க வேண்டியதில்லை. மக்கள் தீர்ப்பு அவ்வளவு வெளிப்படையாக வந்திருந்தது. அவருடைய பொது வாழ்வில் நான் மனம் ஒப்பாத இடம் இது ஒன்றுதான்.

ஆட்சி போன பிறகு எதிர்க்கட்சி வரிசையில் அவர் மறுபடியும் தம் நிலைக்கு வந்தார். 1938 ஏப்ரலில் இராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. தெருவில் பெரியாரும் சோமசுந்தர பாரதியாரும் பட்டுக்கோட்டை அழகிரிசாமியும் போராடினார்கள்; சட்டமன்றத்துக்குள்ளே எண்ணிக்கையில் சிறுத்துப்போன எதிர்க்கட்சியிலிருந்து பன்னீர்செல்வம் எதிர்த்துப் பேசினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் திருவையாற்றில் தமிழுக்கு ஓர் இருக்கை போட்டவருக்கு அந்த எதிர்ப்பு கட்சி உத்தரவால் வந்திருக்க முடியாது. அதே ஆண்டு டிசம்பர் இறுதியில் சென்னையில் நீதிக்கட்சி மாநாடு கூடியது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெரியார் பெல்லாரிச் சிறையில் இருந்தார். அவருடைய தலைமையுரையை மேடையில் படித்தவர் பன்னீர்செல்வம். சர் பட்டமும் பாரிஸ்டர் பட்டமும் உடைய ஒருவர், சிறைவாசியைத் தம் தலைவராக ஏற்று அவர் சொற்களைத் தம் குரலில் வாசித்தார். ஜமீன்தார்களின் கட்சி என்று பேர்வாங்கியிருந்த இயக்கம் தெருவுக்கு இறங்கிய தருணம் அது.

1940-இல் இலண்டனில் இந்திய அமைச்சரின் ஆலோசகர் பதவி அவருக்குக் கிடைத்தது. போர்க்காலம். கப்பலை விட விமானம் விரைவு என்று புறப்பட்டார். பிப்ரவரி 21-ஆம் தேதி கட்டாய இந்தி ஆணையை ஆளுநர் எர்ஸ்கின் அரசு விலக்கிக்கொண்டது. அடுத்த வாரத்துக்குள் பன்னீர்செல்வத்தின் பயணம் தொடங்கியது. மார்ச் 1-ஆம் தேதி, இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்தின் ‘ஹானிபல்’ என்னும் நான்கு எந்திர விமானம் பாரசீகக் கரையிலுள்ள ஜாஸ்க்கிலிருந்து ஷார்ஜாவை நோக்கிப் பறந்தபோது ஓமன் வளைகுடாவில் காணாமற்போனது. விமானிகளோடு சேர்த்து எட்டுப் பேர். பிரிட்டிஷ் விமானப்படையின் உயர் அதிகாரி ஹரோல்டு விஸ்லரும் அவர்களில் ஒருவர். உடல்களும் கிடைக்கவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. பன்னீர்செல்வத்துக்கு வயது 51.

மனைவி நாகம்மையார் மறைந்தபோது உறுதியோடு இருந்த பெரியார், இந்தச் செய்திக்கு ஆற்ற மாட்டாமல் எழுதினார். சொந்த வீட்டுச் சாவுகளுக்கு ஆறுதல் சொல்லிக்கொள்ள முடிந்தது, இதற்கு முடியவில்லை என்ற பொருளில் அமைந்த அந்த இரங்கலைப் படிக்கும் எவருக்கும், தலைமைக்குத் தகுந்த துணையை இயக்கம் இழந்துவிட்டது புரியும். ஈரோட்டில் பன்னீர்செல்வத்தின் பெயரால் ஒரு பூங்கா இருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று கேட்டால் தெரிந்து சொல்பவர்கள் மிகக் குறைவு.

ஜில்லா போர்டுகள் 1958-ஆம் ஆண்டுச் சட்டங்களோடு மறைந்தன. தஞ்சைச் சத்திரங்களின் நிலங்களும் விடுதிகளும் மறையவில்லை. கலெக்டர் அலுவலகத்தில் சத்திர நிர்வாகத்துக்கென்றே தனித் தாசில்தார் உண்டு. திருவையாற்று அரசர் கல்லூரி தொடர்ந்து நடக்கிறது. போர்டின் பழைய தீர்மானப் புத்தகங்களையும் சத்திரக் கணக்குகளையும் ஒருவர் பொறுமையாக எடுத்துத் தொகுத்தால், எந்த ஆண்டில் எந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த விடுதிகளில் சேர்ந்தார்கள், படித்து எங்கே போனார்கள் என்ற வரலாற்றை எழுதிவிடலாம். தஞ்சையிலுள்ள பல்கலைக்கழகங்கள் இதை ஓர் ஆய்வுத் திட்டமாக எடுத்துச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பகுதியில் இதே ஜில்லா போர்டின் தலைமை நாற்காலிக்கு வந்த காங்கிரஸ்காரர், பட்டுக்கோட்டை நாடிமுத்துப் பிள்ளை.